ஆணியில் ஒரு வேட்டி

குற்றாலச் சாரல் விடாமல் விழுகிறது. வீட்டுக்குள் கட்டிய கொடியில் பிள்ளையின் துணிகள் மூன்று நாளாகக் காயவில்லை. "டயப்பர் வாங்கி மாளாது, ஜெயபிரியா. புருசன் வேட்டியக் கிழிச்சிக் கட்டு, பஞ்சு மாதிரி இருக்கும். எம்பிள்ளையள அப்படித்தான் வளத்தேன்" என்கிறாள் பக்கத்து வீட்டுப் பாலம்மாள், கையில் கத்தரியோடு. ஆணியில் தொங்கும் பழைய வேட்டியை எடுக்கிறாள் ஜெயபிரியா. பட்டாளத்துக்கு ரயிலேறிய அன்று அவன் அவிழ்த்து மாட்டியது. பிள்ளை பிறந்தும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இடுப்பில் செருகிய சுருக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் ஒருகணம் முகம் புதைக்கிறாள். பிறகு அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, ஒரே ஒருமுறை உடுத்திய தன் நூல் சேலையை எடுத்து நீட்டுகிறாள். "ஏட்டி, இது புதுசுல்லா?" "கிழிங்க மதினி. அந்த வேட்டிய நான் இன்னும் தொவைக்கவே இல்ல."