தூக்கத்தில் ஓடுகிறவன்

தையற்கடை ஜன்னல் வழியே விழும் மதிய வெயிலில், வெட்டுத்துணிக் குவியல்மேல் நாய் கரியன் தூங்குகிறான். முன்னங்கால் எலும்பில் புற்றுநோய். காலை எடுத்தால் இன்னும் கொஞ்ச காலம் இருப்பான் என்று டாக்டர் சொன்னதற்கு, நேற்றுதான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சரி சொல்லியிருக்கிறாள் தையல்காரி. ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வாசலில் கார் நிற்கிறது. எழுப்பக் குனிகிறவளின் கை பாதியில் நிற்கிறது. தூக்கத்திலேயே அவன் நான்கு கால்களும் ஓடுகின்றன. வீங்கிய காலும்கூட நொண்டாமல் துணிகளை உதைத்துத் தள்ள, நூல்பிசிறுகள் வெயிலில் எழுந்து மிதக்கின்றன. தொண்டைக்குள் ஒரு குட்டிக் குரைப்பு. சாவியோடு வந்த கணவன் குரலைத் தாழ்த்துகிறான். "யாரைத் துரத்துறான்?" "எதிர்வீட்டுப் பூனையாத்தான் இருக்கும். ஒரு நாளாவது சிக்கியிருக்கா இவன்கிட்ட?" "டாக்டர் காத்துட்டிருப்பாரும்மா." "இருக்கட்டுங்க," என்று தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறாள் அவள். "இன்னைக்காவது பிடிக்கட்டும். அப்புறம் எழுப்பலாம்."