தாத்தாவின் உதடு

"பக்கத்துத் தோட்டக்காரன்தான் விஷம் வெச்சிருக்கான், டாக்டரம்மா. நீங்க எழுதி மட்டும் குடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

பண்ணைக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் பிடிக்க வேண்டிய மீன். காலையில் வந்து பார்த்தால் தொட்டியில் பாதி மல்லாந்து கிடந்தது. மீதி வாயைப் பிளந்தபடி மேலே வந்து மூச்சுக்குத் தவித்தது. எட்டு மாத உழைப்பு கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

மீன் டாக்டரம்மா அவர் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மீனின் செவுளைத் திறந்து காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது, காய்ந்த காப்பிக் கறை மாதிரி பழுப்பாக இருந்தது.

"நைட்ரைட். இது ரத்தத்தில கலந்துட்டா, எவ்வளவு மூச்சு இழுத்தாலும் உடம்புக்குப் போய்ச் சேராது."

தொட்டியில் மீன் கழிவு சேர்ந்தால் வருவது என்று டாக்டரம்மா சொன்னதும் பண்ணைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தினமும் பாதித் தண்ணீரைக் கிணற்றோரக் குழிக்குத் திருப்பிவிட்டு, கிணற்றிலிருந்து புதுசு நிரப்புகிறவர்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். மீனைப் பற்றிக் கேட்பாள் என்று பார்த்தால், பேத்தி புராணம்.

"ரெண்டு மாசக் குழந்தைக்கு உங்க சிகரெட் உதடு அப்படியே வந்திருக்குங்க. நாளுக்கு நாள் கறுக்குது. சரி, புட்டிக்குத் தண்ணி கொதிச்சிடுச்சு, வெக்கிறேன்."

அத்தனை எரிச்சலிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற மகளுக்கு வராத சாயல் பேத்திக்காவது வந்ததே.

டாக்டரம்மா சோதனைக் காகிதத்தைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்தார். தொட்டித் தண்ணீரைவிட அடர்த்தியாகச் சிவந்தது. குழியையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் விஷம் வெக்கலீங்க. உங்க குழித் தண்ணிதான் ஊறி ஊறிக் கிணத்துக்குள்ள இறங்கியிருக்கு."

பண்ணைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டிலும் இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்க, கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார் இவர்.

"கொதிக்க வெச்சா இது போகாதுங்க. பெரியவங்க தாங்கிடுவாங்க. புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தை தாங்காது. முதல்ல உதடு கறுக்கும்."

பண்ணைக்காரர் வீட்டு எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேத்திக்குப் பால் கொடுக்கும்போது மனைவி போனை எடுக்கவே மாட்டாள்.