ஃபுன்ஷாலில் ஒரு ரூம்

"துறைமுகத்தைப் பாத்த ரூமா இல்லேன்னா நான் வரவே மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் இதலினா.

சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் அபீலியோ பெருமூச்சு விட்டான். வருஷப் பிறப்புக்கு ஃபுன்ஷாலில் ரூம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமா? அன்று நள்ளிரவு வாணவேடிக்கைக்காக எங்கெங்கோ இருக்கிற கப்பலெல்லாம் மதெய்ரா தீவை நோக்கித்தான் திரும்பும். ஹோட்டல்காரர்கள் கோடைக் காலத்திலேயே கையை விரித்துவிடுவார்கள்.

"இந்தா, ஒண்ணு இருக்கு. ஆனா தோட்டத்தப் பாத்த ரூம்."

"தோட்டத்தப் பாக்க நான் என்ன ஆடா?"

"விலையப் பாத்தியா? இவ்வளவு கொட்டிக் குடுத்து ஃபுன்ஷால்ல தங்கறோம்னு தெரிஞ்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. ஊரா வந்து நம்ம வீட்ல பாத்திரம் தேய்க்குது?"

விஷயமே அந்தப் பாத்திரத்தில்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷம் தவறாமல், வருஷப் பிறப்புக்கு அபீலியோவின் அக்கா ஒத்தீலியா லிஸ்பனிலிருந்து படையோடு வந்து இறங்கிவிடுவாள். புருஷன், மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் வருவார்கள். தின்பார்கள், குடிப்பார்கள், கிடைத்த இடத்திலெல்லாம் படுப்பார்கள். ஒத்தீலியா மட்டும் எதைத் தின்றாலும் கடைசி வாயில் "உப்பு ஒரு கல் தூக்கல்" என்பாள். அவர்கள் கிளம்பிப் போய் ஒரு வாரமானாலும் இதலினாவின் கையை விட்டுப் பூண்டு வாசனை போகாது.

இந்த வருஷம் இதலினாவுக்கு அறுபது முடிந்தது. என்ன பரிசு வேண்டும் என்று அபீலியோ கேட்டான். வருஷப் பிறப்புக்கு ஃபுன்ஷாலில் ஒரு நல்ல ஹோட்டல், நாற்காலியில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பாரிசுக்குக் கூட்டிப் போகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தான். அவள் மசியவில்லை.

"காலையில காப்பி படுக்கைக்கே வந்துடணும்" என்று இப்போது அடுக்கிக்கொண்டே போனாள். "கேபிள் கார்ல மலைக்குப் போகணும். அப்புறம் அந்தப் பிரம்புக் கூடை வண்டி! ரெண்டு ஆளு பின்னால பிடிச்சுக்க, ரோட்டுல சறுக்கிக்கிட்டே இறங்குமே, அதுல ஏறணும்."

அபீலியோ அவள் இடுப்பை ஒரு பார்வை பார்த்தான். "அது சின்னக் கூடை, இதலினா."

"உன் தொப்பைக்கு இடம் இருந்தா என் இடுப்புக்கும் இருக்கும். நீ ரூமைத் தேடு."

திடீரென்று அபீலியோ நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏய், யாரோ இப்பத்தான் கேன்சல் பண்ணியிருக்காங்க! நாலாவது மாடி, நேரா துறைமுகம்!"

"போடு! போடு! யோசிக்காத!"

போட்டுவிட்டான். இதலினாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவன் வழுக்கைத் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

"சின்னப் பெட்டி போதும்ல?" என்று கேட்டான்.

"பெரிய பெட்டிதான். இல்லேன்னா ஊருக்குப் போற மாதிரியே இருக்காது."

இனி ஒரே ஒரு கண்டம்தான் பாக்கி: ஒத்தீலியா. அக்கா ஒரு அதட்டு அதட்டினால் போதும், அபீலியோ உள்ளதைக் கக்கிவிடுவான். அரை டவுசர் காலத்துப் பழக்கம் அது. அவளுக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் ஹோட்டல் வாசலிலேயே வந்து படையோடு நிற்பாள்.

"அக்கா எங்க போறேன்னு கேட்டா என்ன சொல்வே?" என்றாள் இதலினா.

"போர்த்தோ."

"முழிக்காம சொல்லு."

"போர்த்தோ."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. ஒத்தீலியாவேதான். பதற்றத்தில் அபீலியோ ஸ்பீக்கரை அமுக்கிவிட்டான்.

"அபீலியோ, டிக்கெட் போட உக்காந்திருக்கேன். இந்தத் தடவை என் சம்பந்தி வீட்டுக்காரங்களும் வர்றாங்க. இதலினாகிட்ட சொல்லிடு."

"அக்கா... இந்த வருஷம் நாங்க வீட்ல இருக்க மாட்டோம். ஹோட்டல்ல தங்கறோம்."

"ஹோட்டலா? எந்த ஊர்ல?"

இதலினா எதிரில் நின்று, 'போர்த்தோ, போர்த்தோ' என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தாள்.

"உன்னத்தான்டா கேக்கறேன். எந்த ஊர்ல?"

"ஃபுன்ஷால்ல" என்றான் அபீலியோ.

இதலினா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா?" என்று கத்தினாள் ஒத்தீலியா. "உன் வீடே ஃபுன்ஷால்லதானடா இருக்கு! உன் பால்கனியில தெரியற மாதிரி வாணவேடிக்கை அந்த ஊர்ல வேற எங்கடா தெரியும்?"

இதலினா போனை வாங்கினாள். "தெரியுமாம் அண்ணி, நீங்கெல்லாம் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க பாத்துட்டு உள்ள வரும்போது சூடா இருக்கணுமேன்னு, வருஷா வருஷம் அந்த நேரத்துல நான் அடுப்படியில கோழி சூப்பைக் கிண்டிக்கிட்டில்ல நிக்கிறேன்!"