காதுபட

சந்தேகம் அந்த மேனேஜருக்குக் கூடப்பிறந்த குணம். மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்த பார்வையில்லாத பெண், தன் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் போட அனுமதி கேட்டதுமே புருவத்தைத் தூக்கினார்.

"இருக்கிறதுக்கு என்ன குறை?"

"அது திரையில இருக்கிறதைச் சரியாப் படிச்சுச் சொல்ல மாட்டேங்குது சார். இது சொல்லும்."

"சரி, போட்டுக்கங்க. ஆனா இயர்போன் கூடாது. எல்லாம் என் காதுபட நடக்கணும்."

"உங்க இஷ்டம் சார்."

அன்றிலிருந்து ஸ்பீக்கர் சோளம் பொரிவதுபோல் படபடத்தது. திரையில் உள்ளதை அது வாசித்த வேகம் பழகிய காதுக்குத்தான் பிடிபடும். மேனேஜருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனாலும் சத்தம் ஓயாததில் அவருக்குப் பரம திருப்தி.

"வேலைன்னா இப்படி இருக்கணும்," என்று மற்றவர்களை இடித்துக் காட்டினார். அந்த மெச்சலில், பார்வையில்லாத இன்னொருவரையும் வேலைக்கு எடுத்தார்.

புதியவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"என்ன சிரிப்பு?"

"மன்னிச்சுக்கங்க சார். இவங்க நாவல்ல, லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு 'அம்மா'ன்னு அழுற மேனேஜர் நீங்கதானா?"

ஸ்பீக்கர் நின்றது.

"எல்லா அத்தியாயமும் உங்க காதுபடத்தான் எழுதினேன் சார்," என்றாள் அவள்.