இறக்காத கைகள்

நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். எங்கள் ஊர் கிராமசபைக் கூட்டத்தில் தூக்கிய கையைத் தலைவர் சொல்லாமல் யாரும் இறக்கக் கூடாது. அது வழக்கம். அன்று தலைவர் சடையாண்டி, "குவாரிக்குச் சம்மதிக்கிறவுக கையத் தூக்குங்க" என்றார். தூக்கினோம். அந்த நேரம் பார்த்து அமைச்சர் வீட்டிலிருந்து போன் வர, அவர் அப்படியே காரில் ஏறிப் போய்விட்டார். கைகள் மேலேயே நின்றுவிட்டன. மறுநாள் ஒற்றைக் கையால் நாற்று நட்டோம். தூக்கிய கையில் காகம் வந்து உட்கார்ந்தது. கை தூக்காதவள் விருமாயி ஒருத்திதான். குவாரி வந்தால் வற்றப்போவது அவளுடைய கிணறு. ஊரே அவளிடம் போய்த்தான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டது.

"இறக்கித் தொலைங்களேன் பெரியப்பா, யாரு புடிச்சிருக்கா?" என்றாள் என்னிடம்.

"தலைவர் சொல்லணும்ல தாயி."

"அவரு சொல்லித்தான் சோறு திங்கிறீகளா?" என்று கழுத்து இறுகப் பொத்தானை மாட்டிவிட்டாள்.

பிறகு அவள் போய் மனுக் கொடுக்க, விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். ஊர் நடுவில் நின்று, "குவாரி வேண்டாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார். விருமாயி தூக்கினாள். மற்ற கைகளெல்லாம் ஏற்கெனவே மேலேதான் இருந்தன. அதிகாரி சுற்றிலும் பார்த்தார், கண் கலங்கினார், குவாரியை ரத்து செய்துவிட்டுப் போனார். அவள் கிணற்றில் இன்றும் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குவாரியில்தான் நான் இப்போது காவலுக்கு இருக்கிறேன்.