பக்கெட்டின் தலையில் இரண்டு கொக்கிகள்

டிராக்டரின் முன்னால் பூட்டிய இரும்புப் பக்கெட்டுக்கு, மண் அள்ளுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. அதன் மேல்விளிம்பில் இரண்டு கொக்கிகளை வெல்டிங் வைத்தபோது அதற்குப் பொறுக்கவில்லை.

"ஒரு பிடி மண் அள்ளத் தெரியாத உங்களுக்கு என் தலைமேல என்ன வேலை?"

மறுநாள் ஒரு சினை எருமை சேற்றுக்குழியில் கழுத்துவரை புதைந்துவிட்டது. அதைத் தூக்க டிராக்டரைக் கொண்டுவந்தார்கள்.

"நான் அள்ளினா வயிறு கிழிஞ்சிடுமே" என்று பக்கெட் கலங்கியது.

"நீங்க தூக்குங்கண்ணே, நாங்க பிடிச்சுக்கறோம்" என்றன கொக்கிகள்.

ஆட்கள் எருமைக்கு வயிற்றுப்பட்டை கட்டிச் சங்கிலியைக் கொக்கிகளில் மாட்டினார்கள். பக்கெட் மேலே தூக்க, எருமை அலுங்காமல் கரையேறியது.

"இத்தனை கனத்தை எப்படிப்பா தாங்குனீங்க?" என்று கேட்டது பக்கெட்.

"கனத்தைப் பார்க்கலண்ணே. விடக்கூடாதுன்னு மட்டும்தான் பார்த்தோம்."

அதன்பிறகு எந்த மண்மேட்டில் பாய்ந்தாலும், கொக்கிகள் இடிபடாதபடி பக்கெட் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டது.