ஜோடி விளக்கு

பால் சங்கத்தில் அடுத்தடுத்த இரண்டு தொழுவங்களுக்கு ஒரே விளக்கு என்று வைத்திருந்தார்கள். இரண்டு வீட்டு மாடுகளின் ஏப்பத்திலும் பூமியைச் சூடாக்கும் வாயு குறைந்தால்தான் அது பச்சையாக எரியும். ஒரு வீடு தவறினாலும் ஊர் பார்க்கச் சிவந்துவிடும். தனியாக வாழ்ந்த துளசிமணிக்கு ஜோடியாக வாய்த்தவள், சொத்துப் பிரித்த நாள் முதல் முகங்கொடுத்துப் பேசாத கொழுந்தன் மனைவி பூங்கோதை.

துளசிமணி கால் முறிந்து படுத்தாள். தீவனம் கலக்க ஆளின்றி விளக்கு சிவந்தது. மறுநாளே, ஏப்பத்தைக் குறைக்கும் கடற்பாசித் தீவனத்தோடு பூங்கோதை வந்து நின்றாள்.

"உங்களுக்காக ஒண்ணும் வரலீங்க்கா. உங்க மாடு ஏப்பம் உட்டா என்ற மானந்தானுங்க போகுது."

"நானும் உன்னைய வான்னு கூப்புடலயே."

தீவனம் வைக்க வந்தவள் நாளடைவில் பாலும் கறந்தாள். அரிசிக் கஞ்சியும் காய்ச்சிக் கொடுத்தாள். வாய் மட்டும் ஓயவில்லை.

கால் தேறுமுன்பே, இனி அவரவர்க்குத் தனி விளக்கு என்று சங்கக் கூட்டத்தில் அறிவித்துவிட்டார்கள். செய்தி படுத்திருந்த துளசிமணிக்கும் எட்டியது. மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஆள் கிடைக்கும். அந்த வாய்க்கு எங்கே போவது?

மறுநாள் காலையில் தொழுவத்தில் வாளிச் சத்தம் கேட்டது.

"வெளக்கைத்தான் பிரிச்சுட்டாங்களே, கோதை?"

"அப்படிங்களா? எனக்கு ஆரும் சொல்லலீங்களே."

கூட்டத்தில் பூங்கோதை முன்வரிசையில் அமர்ந்திருந்ததைத் துளசிமணி கேள்விப்பட்டிருந்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு, "மாடு சித்த நேரம் பொறுக்கும். மொதல்ல ரெண்டு பேருக்கும் காப்பி போடு" என்றாள்.